சார்லஸ் பர்னின் எலும்புகள்: இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைவருக்கும் மன்றத்தாருக்கும், ஹன்டேரியன் தொகுப்பின் அறங்காவலர் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் கல்லூரியின் பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. சென்னை முதல் யாழ்ப்பாணம் வரை எத்தனையோ மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற நான்கு எழுத்துகளை மூன்று தலைமுறைகளாகப் படித்து வருகிறோம். உங்கள் தேர்வில் தேறி வந்தவரின் கத்திக்கு எங்கள் வீட்டார் நம்பிக்கையோடு உடலைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உறவை முன்னிட்டு, உங்கள் கட்டடத்தில் இருக்கும், பதினெட்டாம் நூற்றாண்டில் தன் உயரத்தைக் காட்டிப் பிழைத்த சார்லஸ் பர்ன் என்ற அயர்லாந்துக்காரரின் எலும்புகளைப் பற்றித் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் பட்டம் பெற்ற தமிழ் மருத்துவர்களும் இதைப் படித்து உங்களிடம் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

2017-இல் மூடப்பட்ட ஹன்டேரியன் அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2023 மே மாதம் திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, சார்லஸ் பர்னின் எலும்புக்கூடு இனிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படாது என்றும், அக்ரோமெகலி (வளர்ச்சிச் சுரப்பு மிகுந்து எலும்புகள் பெருக்கும் நோய்), மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சார்ந்த மிகை வளர்ச்சி ஆகியவை குறித்த முறையான மருத்துவ ஆராய்ச்சிக்காக மட்டும் பாதுகாக்கப்படும் என்றும் அறிவித்தீர்கள். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கண்ணாடிப் பேழைக்குள் நின்ற மனிதரை அங்கிருந்து எடுத்ததை வரவேற்கிறேன். ஆனால் பேழையிலிருந்து கிடங்குக்கு மாற்றியதோடு இந்த விவகாரம் முடிந்துவிட்டதாக நீங்கள் கருதினால் அதை ஏற்பதற்கில்லை. ஏன் என்று சொல்ல, அவர் உங்களிடம் வந்து சேர்ந்த வழியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

1761-இல் அயர்லாந்தின் வடக்கே, நேய் ஏரிக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தவர் பர்ன். அவருடைய எலும்புக்கூட்டை அளந்தால் ஏழடி ஏழங்குலம். விளம்பரங்கள் எட்டடிக்கு மேல் என்றன. காட்சித் தொழிலில் உயரம் எப்போதும் சில அங்குலங்கள் கூடும், வயது சில ஆண்டுகள் ஏறும் அல்லது இறங்கும். அது தொழிலின் வழக்கம். 1782-இல் இருபது வயது கடந்த இளைஞராக இலண்டனுக்கு வந்து, ஸ்பிரிங் கார்டன்ஸ் பகுதியில் பிரம்புக் கடை ஒன்றில் அறை எடுத்துத் தன்னைக் காட்சிக்கு வைத்தார். நுழைவுக் கட்டணம் அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். அன்றைய கூலித் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் ஊதியத்துக்குக் குறையாத தொகை. சிறுவர்களுக்கும் சீருடை அணிந்த பணியாளர்களுக்கும் ஒரு ஷில்லிங். முற்பகல் பதினொன்று முதல் மூன்று வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் காட்சி நேரம் என்று செய்தித்தாள்களில் அறிவிப்பு வந்தது. பிரபுக்கள் வந்தார்கள், அறிஞர்கள் வந்தார்கள், கை குலுக்கிப் பேசிவிட்டுப் போனார்கள்.

இந்தத் தொழிலைக் கொடுமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஸ்மித்ஃபீல்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் 1855 வரை கூடிய பார்த்தலோமியூ சந்தையில், துணியும் மாடும் விற்ற இடத்திலேயே விந்தை மனிதர்களைக் காட்டும் கொட்டகைகளும் இருந்தன. ஊரில் வேறு எந்த வேலையும் கிடைக்காத உடலோடு பிறந்தவர்களுக்குச் சந்தையின் கொட்டகை ஒரு பிழைப்பாகவும், சில வேளைகளில் புகழாகவும், அரிதாகச் செல்வமாகவும் இருந்தது. பர்ன் இலண்டனில் இருந்த அதே 1782-இல் அங்கு வந்த போலந்துக்காரர் யூசெஃப் போருவ்லாஸ்கி ஏறத்தாழ மூன்றேகால் அடி உயரமுள்ளவர், பர்னைச் சந்தித்துமிருக்கிறார். அரசவைகளில் வளர்ந்த அவர் பணம் வாங்கிக்கொண்டு தன்னைக் காட்டுவதை இழிவாகக் கருதியவர். ஆயினும் வறுமை நெருக்கியபோது இசை நிகழ்ச்சி, காலை விருந்து என்று கௌரவமான பெயர்களில் கட்டணம் வாங்கினார். தொண்ணூற்றேழு வயது வரை வாழ்ந்து, 1837-இல் மறைந்து, டரம் பேராலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார். குட்டை மனிதருக்குப் பேராலயத்தில் கல்லறை கிடைத்தது. நெட்டை மனிதருக்கு உங்கள் கொப்பரை கிடைத்தது.

கொப்பரை என்றது மிகையில்லை. 1783 ஏப்ரலில் பர்ன் சேர்த்து வைத்திருந்த பணம், எழுநூறு பவுண்டுக்கு மேல், சட்டைப்பையிலிருந்து திருடு போயிற்று. காட்சிக் கட்டணமும் அதற்குள் ஒரு ஷில்லிங்காகக் குறைந்திருந்தது. குடியும் நோயும் சேர்ந்து அவ்வாண்டு ஜூன் முதல் நாள் காக்ஸ்பர் தெருவில் அவர் இறந்தபோது வயது இருபத்திரண்டு. தன் உடல் அறுவையாளர்களிடம் சிக்கக்கூடாது, ஈயச் சவப்பெட்டியில் வைத்துக் கடலில் அமிழ்த்த வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதை அப்போதைய செய்தித்தாள்கள் எழுதின. உடற்கூறாளர்கள் அவர் வீட்டைச் சுற்றி வளைத்ததை, திமிங்கிலத்தைச் சூழ்ந்த ஈட்டிக்காரர்களோடு ஒப்பிட்டுக் கேலியும் செய்தன. உங்கள் தொகுப்பின் மூலவரான அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், காவலிருந்தவர்களுக்கு ஐந்நூறு பவுண்டு கொடுத்து உடலைக் கைமாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தொகை கூடக் குறைய இருந்திருக்கலாம். உடல் அவரிடம் வந்ததும், எர்ல்ஸ் கோர்ட் வீட்டில் கொதிக்கும் நீரில் இட்டுச் சதை களையப்பட்டதும் நீங்களே மறுக்காதவை.

அந்த இளைஞரின் அச்சத்தை இன்றைய வாசகர் உணர வேண்டுமானால் அக்காலச் சட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 1752-ஆம் ஆண்டின் கொலைக் குற்றச் சட்டப்படி, கொலை செய்து தூக்கிலிடப்பட்டவரின் உடல் அடக்கம் மறுக்கப்பட்டு அறுவையாளர்களிடம் தரப்பட்டது. தூக்கு மட்டும் போதாது என்று சேர்க்கப்பட்ட கூடுதல் தண்டனை அது. ஆக, அறுபடுவது என்பது அன்றைய மக்கள் மனத்தில் கொலைகாரனின் முடிவு. எந்தக் குற்றமும் செய்யாத, வேலை செய்து பிழைத்த, கேட்டவர்களுக்கெல்லாம் கை கொடுத்த ஒருவர், கொலைகாரனுக்கு உரிய முடிவு தனக்கு வேண்டாம் என்றார்.

பர்ன் தன் கைப்பட எழுதிய உயில் எதுவும் இல்லையே என்று சிலர் வாதிடுகிறார்கள். அதற்கு ஹன்டரின் நடத்தையே விடை. அரும்பெரும் மாதிரி ஒன்றைப் பெற்ற சேகரிப்பாளர், அதுவும் தன் சேகரிப்பைக் காட்டுவதில் அத்தனை ஆர்வமுள்ளவர், அதை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஊரறியாமல் வைத்திருந்தார். முறையாகக் கிடைத்த பொருளை யாரும் அப்படி மறைப்பதில்லை. 1786-இல் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய ஹன்டரின் உருவப்படத்தில், வலது மேல் மூலையில் நீண்ட இரு கால் எலும்புகள் மட்டும் தொங்குகின்றன. அவை பர்னுடையவை. எலும்புக்கூட்டை அகற்றிய நீங்கள் அந்த ஓவியத்தை வைத்திருக்கிறீர்கள். அதை அகற்றச் சொல்லவில்லை. நடந்ததற்கு அதைவிட நேரான ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்காது.

என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். விந்தை மனிதர் காட்சிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் கொட்டகைக்காரரை ஒரு பக்கமும் மருத்துவரை எதிர்ப்பக்கமும் நிறுத்துகிறார்கள். முன்னவர் சுரண்டினார், பின்னவர் மீட்டார் என்கிறார்கள். இருவரும் ஒரே தொழிலின் இரு கூட்டாளிகளாக இருந்ததையே நான் காண்கிறேன். காட்சிக்காரரின் துண்டறிக்கைக்கு மருத்துவரின் சான்று வேண்டியிருந்தது; மருத்துவரின் அலமாரிக்குக் காட்சிக்காரர் கண்டெடுத்துத் தந்த உடல் வேண்டியிருந்தது. உயிரோடு இருந்த வரையில் கொட்டகையில் ஓடிய காட்சி, இறந்தபின் அருங்காட்சியகத்துக்கு இடம் மாறியது.

1835-இல் அமெரிக்காவில் பி. டி. பார்னம் என்ற இளம் வணிகர், ஜாய்ஸ் ஹெத் என்ற கறுப்பின அடிமை மூதாட்டியைக் காட்சிக்கு வைக்கும் உரிமையை விலைக்கு வாங்கினார். ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த தாதி, வயது 161 என்று விளம்பரம் செய்தார். கண் தெரியாத, கை கால் முடங்கிய அந்த மூதாட்டி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இறந்ததும், பார்னம் நியூயார்க்கில் மண்டபம் பிடித்து, ஐம்பது சென்ட் கட்டணத்தில் சுமார் 1,500 பேர் முன்னிலையில் பிரேதப் பரிசோதனை நடத்தினார். அறுத்தவர் டேவிட் ரோஜர்ஸ் என்ற மதிப்புக்குரிய அறுவை மருத்துவர். வயது எண்பதுக்கு மேல் இராது என்று அவர் சொன்னதால் செய்தித்தாள்களில் இன்னும் பெரிய பரபரப்பு கிளம்பிற்று; அதுவும் பார்னமுக்கு இலாபம். அந்த மண்டபத்தில் மருத்துவம் எது, வேடிக்கை எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாரா பார்ட்மன் கதையை உங்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனப் பெண். 1810-இல் பிக்காடிலியில் காட்சிக்கு வைக்கப்பட்டார். அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்ததால் வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஒப்பந்தம் இருக்கிறது என்று சொல்லி வழக்கு முடிந்தது. 1815 இறுதியில் பாரிசில் இறந்த அவரை அறுத்தவர் கொட்டகைக்காரர் அல்லர், ஐரோப்பாவின் முதன்மையான உயிரியல் அறிஞர் கூவியே. எலும்புக்கூடும் உடல் வார்ப்பும் 1970-கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் நின்றன. 1994-இல் மண்டேலா கேட்டு, 2002-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, அவ்வாண்டு ஆகஸ்ட் 9 அன்று ஹாங்கி என்ற ஊரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மெக்சிகோவின் ஹூலியா பாஸ்ட்ரானாவுக்கு இன்னும் நீண்ட காலம் ஆயிற்று. உடல் முழுதும் முடி வளர்ந்த அப்பெண், பாடவும் ஆடவும் வல்லவர், தன் காட்சிக்காரரையே மணந்தவர். 1860-இல் மாஸ்கோவில் பிள்ளை பெற்ற சில நாள்களில் இறந்தார், பிள்ளையும் தங்கவில்லை. கணவர் தியோடர் லென்ட் இரண்டு உடல்களையும் அங்கிருந்த பேராசிரியர் ஒருவரைக் கொண்டு பதப்படுத்தி, கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி, ஊர் ஊராகக் கட்டணம் வாங்கினார். தாயும் சேயும் 1970-கள் வரை நார்வேயில் சந்தைகளில் காட்டப்பட்டார்கள். பின்னர் அவருடைய உடல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிடந்தது. 2013 பிப்ரவரியில்தான் சினலோவா மண்ணில் அவருக்குக் குழி தோண்டப்பட்டது. லென்டை வெறுப்பது எளிது. அந்த உடலைக் கெடாமல் செய்து கொடுத்த பேராசிரியரின் பெயரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

உங்கள் நகரத்திலேயே நடந்த இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லெஸ்டர் ஏழையர் விடுதியில் நான்கு ஆண்டுகள் அடைந்து கிடந்த ஜோசப் மெரிக், தன்னைக் காட்சிக்கு வைக்கும்படி தாமே ஒரு காட்சிக்காரருக்குக் கடிதம் எழுதி வெளியே வந்தவர். 1884-இல் ஒயிட்சாப்பல் சாலையில் டாம் நார்மன் என்பவரின் கடையில் காட்டப்பட்ட அவரை எதிரிலிருந்த இலண்டன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மருத்துவர்கள் முன் நிறுத்தியவர் அங்கிருந்த அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ். அங்கே ஆடை களைந்து நிறுத்தப்பட்டபோது மாட்டுச் சந்தையில் நிற்கும் விலங்கு போல் உணர்ந்ததாக மெரிக் சொன்னார் என்று நார்மன் பின்னாளில் எழுதினார். நார்மன் தன்னைக் காத்துக்கொள்ள எழுதியவர்தான், ட்ரீவ்சும் அப்படியே. பிற்காலத்தில் மெரிக்குக்கு மருத்துவமனை தந்த அடைக்கலம் உண்மையான அன்பு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1890-இல் அவர் இறந்தபின் எலும்புகளை எடுத்து வைத்துக்கொண்டது நார்மனின் கடையல்ல, மருத்துவமனைதான்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் பர்ன் செய்தது மிகத் தெளிவான ஒரு பேரம். பகலில் இவ்வளவு மணி நேரம், இவ்வளவு கட்டணம், என் உடலைப் பாருங்கள் என்றார். மூச்சு நின்றபின் பார்க்காதீர்கள் என்றார். முதல் பாதியை இலண்டன் ஆவலோடு ஏற்றுக்கொண்டது, இரண்டாம் பாதியை ஹன்டர் முறித்தார். அவர் காட்சிக்கு உடன்பட்டவர்தானே, ஆகவே அருங்காட்சியகத்துக்கும் உடன்பட்டிருப்பார் என்று பேசுவோர் இந்தப் பேரத்தைக் கவனிப்பதில்லை. தன் உடலைத் தானே விற்கத் தெரிந்தவர், எதை விற்கவில்லை என்பதையும் அறிந்திருந்தார்.

உடன்பாடு என்பது வெறும் சடங்குச் சொல்லாக இல்லாத இடங்களும் இவ்வரலாற்றில் உண்டு. சயாமில் பிறந்த ஒட்டுப் பிறவிகளான சாங், எங் சகோதரர்கள் 1829-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, வயது இருபத்தொன்று ஆனதும் காட்சிக்காரரை விட்டு விலகித் தாங்களே தொழிலை நடத்தினார்கள். வட கரோலினாவில் நிலம் வாங்கி, அக்கா தங்கையரை மணந்து, இருவருக்குமாக இருபத்தொரு பிள்ளைகள் பெற்றார்கள். காட்டப்பட்டவர்கள் அடிமைகளை வைத்திருந்த பண்ணையார்களாகவும் மாறினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1874-இல் அவர்கள் இறந்தபின், குடும்பத்தார் இசைந்த பிறகே ஃபிலடெல்ஃபியாவில் உடற்கூறாய்வு நடந்தது. எஞ்சிய உடல் வட கரோலினாவுக்குத் திரும்பி மண்ணுக்குள் போயிற்று. கல்லீரல் இன்றும் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. எனக்கு அது பிடித்தமான காட்சியன்று, ஆயினும் அதில் திருட்டு இல்லை.

எங்கள் ஊர்களிலும், சடங்குகளையெல்லாம் விலக்கிவிட்டுத் தங்கள் உடலை அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அப்பா இப்படி எழுதி வைத்துவிட்டாரே என்று பிள்ளைகள் உறவினரிடம் மன்றாடி, கொள்ளி வைக்காமல், அழுதுகொண்டே உடலை உடற்கூறியல் துறையின் வாசலில் ஒப்படைப்பதும் நடக்கிறது. இறந்தவரின் கையெழுத்துக்கு அவ்வளவு வலிமை தருகிறோம். தருகிறேன் என்ற சொல்லுக்கு அந்த வலிமை உண்டென்றால், தரமாட்டேன் என்ற சொல்லுக்கும் அது இருந்தாக வேண்டும். இல்லையேல் கொடையாளிகளின் படிவத்துக்குப் பொருளே கிடையாது. நாளை உடல் கொடை கேட்டு மக்களிடம் வரப்போகிறவர்களும் உங்கள் மாணவர்கள்தாம்.

ஆராய்ச்சி என்ற உங்கள் காரணத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1909-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கும் உங்கள் காப்பாளர் ஆர்தர் கீத்தும் பர்னின் மண்டையோட்டைத் திறந்து, பிட்யூட்டரி சுரப்பி தங்கும் குழி விரிந்திருப்பதைக் கண்டார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, அவருடைய இரண்டு பற்களிலிருந்து எடுத்த மரபணுப் பொருளை ஆராய்ந்த மார்த்தா கோர்போனிட்ஸ் குழுவினர், ஏஐபி என்ற மரபணுவில் உள்ள பிறழ்வே காரணம் என்றும், இன்றும் வட அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களில் அதே பிறழ்வு இருக்கிறது என்றும் 2011-இல் வெளியிட்டார்கள். நோய் முற்றும் முன்பே அதைச் சுமப்பவர்களைக் கண்டறிய முடிகிறது என்பது பெரும் நன்மை. அந்தக் குடும்பங்களில் சிலர் எலும்புகள் ஆராய்ச்சிக்கு இருக்கட்டும் என்று விரும்புவதையும் அறிவேன். ஒரே மரபைச் சுமக்கும் அவர்கள் குரலுக்கு என் குரலைவிட மதிப்பு அதிகம்.

இருந்தும் கேட்கிறேன்: இரண்டு பற்கள் போதுமாயிருந்த ஆராய்ச்சிக்கு முழு எலும்புக்கூடு எதுவரை தேவை? இதற்குமேல் தேவைப்படும் மாதிரியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் எலும்பையும் ஊடுகதிர்ப் படமாகவும் முப்பரிமாண அளவாகவும் பதிந்துகொள்ளலாம். எதிர்காலத்தில் புதிய கருவி வரக்கூடும் என்பது எந்தக் காலத்திலும் சொல்லக்கூடிய காரணம், அதற்கு முடிவு தேதி கிடையாது. முடிவு தேதியில்லாத காரணத்தை வைத்துக்கொண்டு ஒருவரை என்றென்றைக்கும் வைத்திருக்க முடியும், அதைத்தான் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் செய்திருக்கிறீர்கள். நீங்கள் சட்டத்தை மீறவில்லை என்பதும் தெரியும். 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம், இறந்து நூறு ஆண்டுகள் கடந்தவர்களின் எச்சங்களுக்கு உடன்பாடு கேட்கவில்லை. ஆனால் சட்டம் கேட்காததால்தான் உங்கள் மனச்சான்றை நோக்கி எழுத வேண்டியிருக்கிறது.

வழியும் உங்களுக்குப் புதிதன்று. தாஸ்மானியப் பழங்குடிப் பெண் ட்ருகனினி, தன்னை அறுக்காதீர்கள் என்று மன்றாடிவிட்டு 1876-இல் இறந்தார். புதைத்தவரைத் தோண்டியெடுத்து ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் 1947 வரை நிறுத்தினார்கள். 1976-இல்தான் எரியூட்டிச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அவருடைய முடியும் தோலும் உங்கள் தொகுப்பில் இருந்தது தெரியவந்தபோது, 2002-இல் நீங்கள் அவற்றைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அன்று எந்தச் சட்டம் வற்புறுத்தியது? பர்னுக்காகப் பேச ஓர் இனமோ அரசோ திரண்டு வரவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. கடல் அடக்கம் வேண்டும் என்று 2011-இலேயே மருத்துவ அறவியலாளர் லென் டோயலும் சட்ட அறிஞர் தாமஸ் முயின்சரும் உங்கள் நாட்டின் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தே பேழை காலியாயிற்று.

ஆகவே அறங்காவலர் குழுவிடம் நான் கேட்பது இதுதான். ஆராய்ச்சிக்கு இன்னும் எடுக்க வேண்டியவை யாவை என்று வல்லுநர்களைக் கொண்டு வரையறுத்து, அதற்கு ஒரு கால எல்லை வையுங்கள். வட அயர்லாந்தில் அந்த மரபணுவைச் சுமக்கும் குடும்பங்களையும் பர்ன் பிறந்த வட்டாரத்து மக்களையும் அழைத்து வெளிப்படையாகப் பேசுங்கள். எந்தக் கடல், எந்தக் கரை, என்ன சடங்கு என்பதை அவர்கள் சொல்லட்டும். கால எல்லை முடிந்ததும் எலும்புகளை ஈயப் பெட்டியில் வைத்து அவர் கேட்ட இடத்துக்கு அனுப்புங்கள். ரெனால்ட்சின் ஓவியத்துக்கு அருகே, அந்த உடல் எப்படி வந்தது, எப்போது திரும்பிப் போயிற்று என்பதை எழுதி வையுங்கள். இவற்றில் எதையும் செய்ய இயலாது என்று முடிவெடுத்தாலும், அந்த முடிவைக் காரணங்களோடு எழுத்தில் வெளியிடுங்கள்; உங்கள் கல்லூரியின் பட்டம் தாங்கிய எங்கள் மருத்துவர்கள் அதைப் படித்து உங்களோடு வாதிட முடியும்.

மதிப்புடன்,
தமிழ் வாசகர் ஒருவர்